வலென்சியாவுக்குச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், மத்தியதரைக் கடலை ஒட்டி அமைந்த வலென்சியாவுக்கு நான் இருமுறை சென்று தங்கியிருக்கிறேன். முதல் முறை மார்ச் மாதத் திருவிழா நெரிசலில். மறுமுறை செப்டம்பர் இறுதியில், ஊருக்குத் தெற்கே நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தபோது. திரும்பி வந்தபின் உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. அவற்றையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பார்சலோனா இருக்கும்போது வலென்சியாவுக்கு ஏன் செல்ல வேண்டும்? எத்தனை நாள் போதும்?

ஏறத்தாழ எட்டு லட்சம் மக்கள் வாழும் வலென்சியா, ஸ்பெயினின் மூன்றாவது பெரிய நகரம். கி.மு. 138இல் ரோமானியர் நிறுவிய ஊர். மேடு பள்ளமில்லாத தரை என்பதால் பழைய நகரம் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம். பலர் மாட்ரிட்டிலிருந்தோ பார்சலோனாவிலிருந்தோ காலையில் வந்து, வெள்ளை வெளேரென்ற நவீனக் கட்டடங்களின் முன் படமெடுத்துக்கொண்டு, சுற்றுலாத் தெருவில் சுமாரான சோற்றை உண்டு மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் சென்றவர்கள் “அங்கே பெரிதாக ஒன்றுமில்லை” என்று சொல்வதில் எனக்கு வியப்பில்லை. இந்த ஊரின் சிறப்பு, அது தண்ணீரைக் கையாண்ட விதத்தில் இருக்கிறது. ஆறு, வாய்க்கால், வயல், காயல், கடல் என்று அதைத் தொடர்ந்து பார்ப்பதற்கு மூன்று முழு நாள்களாவது வேண்டும். காயலுக்கும் செல்வதானால் நான்கு. அந்த நாள்களில் ஒன்று வியாழக்கிழமையாக இருக்கட்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை ஒரு காலம், செப்டம்பர் கடைசி இரண்டு வாரங்கள் இன்னொரு காலம். செப்டம்பரில் கடல்நீர் கோடைச் சூட்டை இழந்திருக்காது, கூட்டம் மட்டும் குறைந்திருக்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயிலைவிடக் கடற்காற்றின் புழுக்கம்தான் வாட்டும். குடும்பமாக நடத்தும் உணவகங்கள் பலவும் ஆகஸ்டில் கதவடைத்துவிடும். குளிர்காலம் இதமானது. பகலில் ஒரு மேல்சட்டை போதும், ஆனால் கடலில் இறங்க முடியாது.

விசாவும் பயணமும் எப்படி?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. அதிக நாள் தங்கப்போவது ஸ்பெயின் என்றால் ஸ்பெயினுக்கே விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் எந்த 180 நாளிலும் 90 நாள்வரை விசா இன்றித் தங்கலாம்.

மாட்ரிட்டில் இறங்கினால் அதிவேக ரயிலே சிறந்த வழி. 2010 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் இரண்டு மணி நேரத்துக்குள் வலென்சியா வந்துவிடும். மாட்ரிட்டில் பெரிய ரயில் நிலையங்கள் இரண்டு, அத்தோச்சாவும் சமர்த்தினும். உங்கள் சீட்டில் எது அச்சாகியிருக்கிறது என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். வலென்சியா விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே எட்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மெட்ரோவின் 3, 5 ஆகிய தடங்கள் அங்கிருந்து நேராக நகர நடுவுக்கு வரும். நகர வலயத்துக்கான சாதாரணச் சீட்டு விமான நிலையத்துக்குச் செல்லாது என்பதைத் தானியங்கிக் கதவு திறக்க மறுத்தபோதுதான் நான் தெரிந்துகொண்டேன்.

எந்தப் பகுதியில் தங்கலாம்?

பழைய நகரின் எல் கார்மென் பகுதி அழகானது, ஆனால் இரவு இரண்டு மணிக்கும் சன்னலுக்குக் கீழே பேச்சுக்குரல் ஓயாது. ரயில் நிலையத்துக்குத் தெற்கே உள்ள ருசாஃபாவில் உணவகங்கள் நெருக்கமாக இருக்கின்றன. கடலுக்கு அருகில், பழைய மீனவர் குடியிருப்பான கபன்யாலில் வீடுகளின் முகப்பெல்லாம் வண்ண ஓடுகள் பதித்தவை. அகலச்சாலை ஒன்றைக் கடல்வரை நீட்டுவதற்காக அந்தக் குடியிருப்பின் நடுவே இடிக்கும் திட்டம் இருந்தது. குடியிருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி அதைக் கைவிடச் செய்தார்கள். என் தேர்வு கபன்யால்தான். பழைய நகரத்துக்குப் போய்வர அரை மணி நேரம் ஆவதை நான் பொருட்படுத்தவில்லை.

ஆற்றின் மேல் பாலங்கள் இருக்கின்றன, ஆறு எங்கே?

முதன்முறை செல்லும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பழைய நகரின் வடபுறம் வளைந்து செல்லும் துரியா ஆற்றின் மீது நூற்றாண்டுகள் பழமையான கற்பாலங்கள் நிற்கின்றன. அவற்றின் கீழே தண்ணீருக்குப் பதிலாக மரங்களும், மிதிவண்டிப் பாதைகளும், கால்பந்துத் திடல்களும் இருக்கின்றன.

1957 அக்டோபர் 14 அன்று துரியாவில் வந்த வெள்ளம் நகரத்துக்குள் புகுந்து, எண்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதன்பின் அரசு எடுத்த முடிவு துணிச்சலானது. ஆற்றையே நகரத்தைவிட்டு விலக்கி, தெற்கே புதிதாக அகலமான கால்வாய் ஒன்றை வெட்டி, அதன் வழியே கடலுக்குத் திருப்பிவிட்டார்கள். 1969இல் அந்தப் பணி முடிந்ததும், வறண்டுபோன பழைய ஆற்றுப்படுகையில் நெடுஞ்சாலை அமைப்பது அதிகாரிகளின் எண்ணமாக இருந்தது. மக்களோ, “படுகை எங்களுடையது, அது பசுமையாகவே இருக்கட்டும்” என்று முழக்கமிட்டு எதிர்த்தார்கள். 1986இல் பூங்காவின் முதல் பகுதிகள் திறக்கப்பட்டன. இன்று ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு, மேற்கே விலங்குக் காட்சியகத்திலிருந்து கிழக்கே கலை அறிவியல் நகரம் எனப்படும் நவீனக் கட்டடத் தொகுதிவரை அந்தப் பூங்கா நீள்கிறது.

வாடகை மிதிவண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மேற்கு முனையிலிருந்து கிழக்கு நோக்கி, அதாவது ஆறு ஓடிய திசையிலேயே, மெதுவாக வாருங்கள். குழந்தைகளுடன் செல்பவர்கள் கலிவர் விளையாட்டுத் திடலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். கட்டுண்டு கிடக்கும் மாபெரும் கலிவரின் உடல்மீது பிள்ளைகள் ஏறிச் சறுக்கி விளையாடலாம், கட்டணம் கிடையாது. கோடையில் நண்பகலில் மட்டும் செல்லாதீர்கள், சூடேறிவிடும்.

கலை அறிவியல் நகரத்தில் கட்டணம் செலுத்தி உள்ளே செல்ல வேண்டுமா?

வெளியே நடப்பதற்குக் கட்டணமில்லை. சிறப்பும் பெரும்பாலும் வெளியேதான் இருக்கிறது. வலென்சியாவில் பிறந்த கட்டடக் கலைஞர் சாந்தியாகோ கலாத்ராவா வடிவமைத்த இந்தத் தொகுதியில் 1998இல் முதலில் திறக்கப்பட்டது, கண் வடிவத்தில் அமைந்த ஹெமிஸ்ஃபெரிக் திரையரங்கம். 2005இல் ஓபரா மாளிகை வந்தது. அதன் மேற்பரப்பில் ஒட்டியிருந்த ஓட்டுச்சில்லுகள் 2013இல் உதிரத் தொடங்கியதால் அவற்றை நீக்கிவிட்டு மீண்டும் பதிக்க நேர்ந்தது; உள்ளூர்க்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், கட்டுமானச் செலவைப் பற்றிப் பேசும்போது சிரிக்கமாட்டார்கள். விடியற்காலையிலோ விளக்கேற்றும் நேரத்திலோ ஆழமற்ற குளங்களில் கட்டடங்களின் நிழல் விழும்போது பார்ப்பதே நல்லது. உள்ளே செல்வதானால் 2003இல் திறந்த ஓஷனோகிராஃபிக் கடல்வாழ் உயிரியகத்தைத் தேர்ந்தெடுங்கள். ஃபெலிக்ஸ் கண்டேலா வடிவமைத்த அதன் அல்லியிதழ்க் கூரையைக் காணவே செல்லலாம். கட்டணம் அதிகம், அரை நாள் ஆகும்.

பழைய நகரில் எதைத் தவறவிடக்கூடாது?

பட்டு வணிகர் மாளிகையான லோன்ஹாவை. 1482இல் கட்டத் தொடங்கிய அதன் பெருங்கூடத்தில் முறுக்கிய கயிறுபோல மேலெழும் கல்தூண்கள் உச்சியில் பனைமட்டை விரிவதுபோல விரிந்து கூரையைத் தாங்குகின்றன. யுனெஸ்கோ 1996இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எதிரிலேயே 1928இல் திறந்த மத்தியச் சந்தை. பிற்பகல் மூன்று மணிக்கு மூடிவிடும், ஞாயிறு விடுமுறை. முதல் பயணத்தில் ஞாயிறன்று அதன் பூட்டிய கதவுகளைத்தான் பார்த்தேன்.

பேராலயத்தின் மிகெலெத்தே கோபுரத்துக்கு 207 படிகள். சுழற்படிக்கட்டு ஒடுக்கமானது, ஏறுபவர்களும் இறங்குபவர்களும் ஒரே வழியில் உரசிக்கொண்டு செல்ல வேண்டும்; முழங்கால் வலி உள்ளவர்கள் செர்ரானோஸ் கோட்டைவாயிலின் மேல் ஏறினால் போதும். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய அந்த வாயிலில்தான் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியக ஓவியங்களைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை ஏன் இருக்க வேண்டும்?

ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்கு வெளியே தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. நகரைச் சுற்றியுள்ள தோட்டவெளிக்குத் துரியாவின் நீரைக் கொண்டுசெல்லும் எட்டு வாய்க்கால்களுக்கும் விவசாயிகள் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு தலைவர் உண்டு. அவர்கள் கறுப்பு மேலங்கி அணிந்து வட்டமாக நாற்காலிகளில் அமர்வார்கள். முறை தவறித் தண்ணீர் பாய்ச்சியவர், மடையை அடைக்காமல் அடுத்தவர் வயலை மூழ்கடித்தவர், தம் பங்கு வாய்க்காலைத் தூர்வாராதவர் ஆகியோர் மீதான புகார்களை அங்கேயே கேட்டு அங்கேயே தீர்ப்பளிப்பார்கள். வழக்கறிஞர் கிடையாது, விசாரணை முழுவதும் வாய்மொழியாக, வலென்சிய மொழியில் நடக்கும். வழக்கு எந்த வாய்க்காலைச் சேர்ந்ததோ அதன் தலைவர் தீர்ப்பில் கலந்துகொள்ளமாட்டார். மேல்முறையீடு இல்லை.

இதன் தொடக்கம் முஸ்லிம் ஆட்சிக் காலத்துக்குச் செல்கிறது என்பது ஊர் மரபு. வெள்ளி தொழுகை நாள் என்பதால் வியாழன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றும், கிறித்தவர் கைப்பற்றிய பின் ஆலயத்துக்குள் நுழைய முடியாத முஸ்லிம் விவசாயிகளுக்காக வாசலுக்கு வெளியே கூடியது என்றும் சொல்வார்கள். 2009இல் முர்சியாவின் இதேபோன்ற அவையுடன் சேர்த்து யுனெஸ்கோ இதை அங்கீகரித்தது.

நான் சென்ற நாளில் பணியாளர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயராகச் சொல்லி, “குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா?” என்ற பொருளில் உரக்கக் கூப்பிட்டார். ஒருவரும் முன்வரவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் எழுந்து போய்விட்டார்கள். பெரும்பாலான வாரங்களில் இப்படித்தானாம். அருகில் நின்றிருந்த சுற்றுலாக் குழுவினர் ஏமாற்றத்துடன் கலைந்தனர். எனக்கு ஏமாற்றமில்லை; வாரந்தோறும் இப்படிக் கூடுவதாலேயே வழக்குகள் இங்குவரை வராமல் வயலிலேயே தீர்ந்துவிடுகின்றன என்று எண்ணிக்கொண்டேன். பதினொன்றே முக்காலுக்குள் சென்று கம்பித் தடுப்பின் அருகே நின்றால்தான் முகங்களைப் பார்க்க முடியும்.

நல்ல பயேயா எங்கே கிடைக்கும்?

எங்கே என்பதைவிட எப்போது என்று கேட்பது பயன் தரும். பயேயா என்பது அகன்ற தட்டில் சமைக்கும் சோறு, மதிய உணவு. அதிலும் ஞாயிறு மதியம் குடும்பத்தோடு உண்பது. பிற்பகல் இரண்டு மணிக்கு முன் எவரும் மேசைக்கு வரமாட்டார்கள், இரவில் அதை உண்ணும் வழக்கம் உள்ளூரில் இல்லை. இதை அறியாமல் முதல் நாள் மாலை ஏழரை மணிக்குப் பேராலயத்தின் பின்தெருவில், வாசலில் வண்ணப்படப் பலகை வைத்திருந்த ஓர் உணவகத்தில் அமர்ந்தோம். எட்டு நிமிடத்தில் மஞ்சள் கொழிக்கும் சோறு, பச்சைப் பட்டாணியுடன் வந்தது. உறைந்ததைச் சூடாக்கியது என்பது முதல் வாயிலேயே தெரிந்தது.

வலென்சியாவின் பயேயாவில் கோழி, முயல், தட்டையான பச்சை அவரை, நம் ஊரில் டபுள் பீன்ஸ் எனப்படும் வகையைச் சேர்ந்த பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ, அரிசி ஆகியவையே இருக்கும். சிலர் நத்தையும் ரோஸ்மேரித் தழையும் சேர்ப்பார்கள். கடலுணவு சேர்த்தது வேறு வகை. அதுவும் நல்ல உணவே. சோரிசோ தொத்திறைச்சி சேர்க்கலாமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அகன்ற இரும்புத் தட்டில் சோறு விரற்கடை உயரத்துக்கு மேல் இருக்கக்கூடாது; தண்ணீர் கொதித்து அரிசியைப் போட்டபின் கிண்டவே கூடாது. அப்போதுதான் அடியில் பொன்னிறக் காந்தல் பிடிக்கும். அதற்கு சொக்கர்ராத் என்று பெயர், மேசையில் அதற்குத்தான் போட்டி. நல்ல இடங்களில் குறைந்தது இருவருக்குச் சொல்ல வேண்டும், முன்பதிவும் வேண்டும், அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்.

பத்து மணியளவில் உண்ணும் இடையுணவும் இங்கே ஒரு சடங்கு. நீளமான ரொட்டிக்குள் எதையாவது திணித்து, வறுத்த நிலக்கடலையும் ஆலிவ் காயும் தொட்டுக்கொண்டு, கடைசியில் ரம்மை எரித்துக் கலந்த காப்பியுடன் முடிப்பார்கள்.

சைவ உணவு உண்பவர்கள் என்ன செய்வது?

“இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் சூரை மீனோ பன்றித்தொடைத் துண்டோ வந்துவிடும். “ஸின் கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்” என்று இறைச்சி, மீன், பன்றித்தொடை மூன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். காய்கறிப் பயேயா பல இடங்களில் உண்டு. அதைக் கோழிச்சாற்றில் வேகவைத்தார்களா என்று கேளுங்கள். சாற்றுக்கு “கால்தோ” என்று பெயர். முட்டை உண்பவர்களுக்கு உருளைக்கிழங்கு முட்டையடை எங்கும் கிடைக்கும்.

அனைவரும் பருக வேண்டியது ஓர்ச்சாத்தா. நம் கோரைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த சூஃபா என்னும் சிறுகிழங்கை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்த பால் அது. மாட்டுப்பால் ஒரு துளியும் இல்லை. ஃபார்த்தோன் என்னும் நீண்ட மெத்தென்ற பன்னை அதில் தோய்த்து உண்பார்கள். கிழங்கு விளையும் அல்போராயா, மெட்ரோவின் 3ஆம் தடத்தில் பதினைந்து நிமிடத் தொலைவு. வயலைப் பார்த்துக்கொண்டே பருகலாம்.

கடற்கரை எப்படி?

மல்வரோசா அகலமான மணற்கரை. டிராம் வண்டி வரும். கோடையில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடிகளைப் பார்த்தே இறங்குங்கள். இங்கு பிறந்த ஓவியர் சொரோயா வெயிலில் குளிக்கும் பிள்ளைகளையும் படகிழுக்கும் மாடுகளையும் தீட்டியது இந்தக் கரையில்தான். குளிக்கும்போது பொருள்களைக் காக்க ஒருவர் மணலில் இருக்க வேண்டும்.

அல்புஃபெரா காயலுக்குச் செல்வது பயனுள்ளதா?

நகரத்துக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டரில் உள்ள நன்னீர்க் காயல் அது. சுற்றிலும் நெல்வயல்கள்; பயேயாவின் பிறப்பிடம் இந்த வயல்வெளிதான். மே மாதம் விதைத்து செப்டம்பரில் அறுப்பார்கள். குளிர்காலத்தில் வயல்களில் நீரைத் தேக்கிவிடுவதால் பறவைகள் திரளும். எல் பால்மார் சிற்றூருக்கு நகரப் பேருந்து 24 செல்லும். மாலையில் படகில் ஏறினால் சூரியன் நீரில் இறங்குவதைக் காணலாம். படகோட்டியிடம் வயலைப் பற்றிக் கேட்டேன். படகை நிறுத்தி, மதகு இருக்கும் திசையைக் காட்டி, எப்போது திறப்பார்கள் எப்போது அடைப்பார்கள் என்று விளக்கத் தொடங்கிவிட்டார். பாதி புரியவில்லை, ஆனாலும் இரண்டு பயணங்களிலும் எனக்குப் பிடித்த மணி நேரம் அது. கடைசிப் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாயாஸ் திருவிழாவுக்குச் செல்லலாமா?

சத்தத்தைத் தாங்குவீர்கள் என்றால் செல்லுங்கள். மார்ச் 15 முதல் 19 வரை, தெருமுனைகளிலெல்லாம் பல மாடி உயரத்துக்குக் கேலிச்சித்திர உருவங்களை நிறுத்தி, 19 இரவில் அவற்றை எரித்துவிடுவார்கள். மக்கள் வாக்கில் தேர்ந்த உருவம் மட்டும் தப்பும். மார்ச் முதல் நாளிலிருந்தே தினமும் பகல் இரண்டு மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் மஸ்க்லெத்தா நடக்கும். கண்ணுக்கான வாணவேடிக்கை அல்ல, பட்டப்பகலில் வெடியோசையைத் தாளக்கட்டாக வளர்த்து நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் நிகழ்ச்சி அது. காதைப் பொத்தாமல் வாயைச் சற்றுத் திறந்து வைத்திருக்கச் சொன்னார் அருகில் நின்ற பாட்டி. கைக்குழந்தைகளுடனோ நாய்களுடனோ அந்த வாரம் செல்ல வேண்டாம். அறை வாடகை பலமடங்காகும், பேருந்துகள் தடம் மாறும்.

வெள்ள ஆபத்து உண்டா? ஊர் பாதுகாப்பானதா?

2024 அக்டோபர் 29 அன்று பெய்த பெருமழையில் வலென்சியா மாகாணத்தில் 220க்கும் மேற்பட்டோர் இறந்தனர். திருப்பிவிட்ட புதிய துரியாக் கால்வாய் நகரத்தைக் காத்தது. கால்வாய்க்குத் தெற்கே உள்ள பைப்போர்த்தா, கத்தரோஹா முதலிய ஊர்கள் பேரழிவுக்குள்ளாயின. கைப்பேசி எச்சரிக்கை இரவு எட்டு மணிக்குப் பிறகே வந்தது, அதற்குள் பல தெருக்களில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பூங்காவில் மிதிவண்டி ஓட்டும்போது இந்த நினைவு விலகவில்லை. செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் செல்பவர்கள் வானிலை அறிவிப்பைத் தினமும் பாருங்கள். சிவப்பு எச்சரிக்கை இருந்தால் நிலத்தடி வாகன நிறுத்தத்துக்கும் வறண்ட ஓடைப்பக்கமும் செல்லவே கூடாது. அவசர எண் 112.

மற்றபடி அமைதியான ஊர். சந்தையிலும் மெட்ரோவிலும் பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொண்டால் போதும்.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் இங்கு ஸ்பானியத்துடன் வலென்சிய மொழியும் ஆட்சிமொழி. ஸ்பானியத்தில் தெரு “காய்யே”, பலகையிலோ “கார்ரெர்” என்றிருக்கும். கடற்கரை “ப்ளாயா”, பலகையில் “ப்ளாட்ஜா”. வரைபடமும் பலகையும் வேறுவேறு பெயர் காட்டினால் கலங்காதீர்கள்.

என்ன வாங்கிவரலாம்?

மத்தியச் சந்தையில் பயேயாவுக்கான பொம்பா அரிசி ஒரு கிலோ, குங்குமப்பூ சிறு டப்பா. பயேயாத் தட்டும் வாங்கலாம். பெயரே அந்தத் தட்டின் பெயர்தான். வீட்டு அடுப்பின் ஒற்றைச் சுடர் நடுவில் மட்டும் எரியும் என்பதால் இருவருக்கான சிறிய அளவே போதும்; நான் ஆசைப்பட்டு வாங்கிய ஆறு பேர் தட்டில் ஓரத்து அரிசி இன்றுவரை வெந்ததில்லை. மெருகில்லாத இரும்புத் தட்டைக் கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும். தோசைக்கல் பழக்கியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.